வெளியிடாத பதிப்பில் வந்த திதி

பிரேமலாவின் கையெழுத்து இல்லாமல் ஒரு பைகூடப் பாசிர் கூடாங் துறைமுகத்தை எட்டிப் பார்த்ததில்லை. பிளாஸ்டிக் மணிகளைப் பைகளில் அடைத்து ஏற்றுமதி செய்கிற தொழிற்சாலை அது. அங்கே அவள் தரம் பார்க்கும் வேலையில் இருந்தாள். படிப்பு மூன்றாம் படிவத்தோடு நின்றுவிட்டாலும் கண் நிற்கவில்லை. தையலில் ஒரு நூல் பிசகியிருந்தாலும், அச்சில் ஓர் எழுத்து மங்கியிருந்தாலும், சிவப்பு அட்டையை எடுத்து அந்த அடுக்கில் ஒட்டிவிடுவாள். அட்டையில் இருப்பது ஒரே சொல்: ஹோல்டு. அவள் ஒட்டியதை அவளே எடுக்கும்வரை மேனேஜர் வந்து நின்றாலும் அடுக்கு நகராது. "பிரேமலாக்கா அட்டை ஒட்டிட்டாங்களா? அப்ப போய் ஒரு தே தாரேக் குடிச்சிட்டு வரலாம்" என்று லாரிக்காரர்கள் இருக்கையைச் சாய்த்துப் படுத்துவிடுவார்கள்.

மாசாயில் ஒரு வரிசை வீட்டில் அவளும் தம்பி தீபனும் இருந்தார்கள். செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டிய அப்பா முத்தையாவும், அவருக்குப் பின்னால் அம்மாவும் போய்ச் சேர்ந்தபோது தீபன் பள்ளிக்கூடப் பையன். அவனைப் பாலிடெக்னிக் வரை படிக்கவைத்தது பிரேமலாதான். படித்து முடித்துச் சிங்கப்பூரில் கணினி வேலைக்குப் போனான். இருட்டோடு எழுந்து மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து போய்வந்தான். ஒரு நாள் கம்பெனி பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பியது. அந்தப் பாதியில் அவனும் இருந்தான். அதன்பின் வீட்டிலிருந்தபடியே துண்டு துண்டாக வேலை எடுத்துச் செய்தான். மிச்ச நேரமெல்லாம் 'பிறைக்கணக்கு' என்கிற மென்பொருளில் உட்கார்ந்திருப்பான்.

பிறைக்கணக்கு யாருக்கும் சொந்தமில்லாதது. யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், உள்ளே எழுதியிருப்பதைத் திறந்து படிக்கலாம், திருத்தி அனுப்பலாம். சென்னையில் இரண்டு பேர், யாழ்ப்பாணத்தில் ஒருவர், கனடாவில் ஓர் அம்மா என்று முகம் பார்த்திராத ஆட்கள் சேர்ந்து எழுதுகிறார்கள். இறந்த நாளையும் நேரத்தையும் கொடுத்தால், இந்த வருஷம் திதி என்றைக்கு என்று சொல்லும். முன்பெல்லாம் தாமான் என்கிற அந்தக் குடியிருப்பில் ஒருவருக்குத் திதி பார்க்க வேண்டுமென்றால் ஜொகூர் பாருவில் இருக்கிற குருக்களுக்குப் போன் போட்டு, அவர் எடுக்கும்வரை காத்திருக்க வேண்டும். தீபன் அதைக் கோயில் அலுவலகத்து மடிக்கணினியில் போட்டுக் கொடுத்த பிறகு அந்தத் தொல்லை போயிற்று. மாதா மாதம் திதித்தாள் எடுத்துக் கோயில் பலகையில் குத்துவது பிரேமலாவின் பொறுப்பாயிற்று. அந்தத் தாளைப் பார்த்துத்தான் பலர் லீவு எழுதிக் கொடுத்தார்கள், இலைக்கட்டு சொல்லிவைத்தார்கள்.

இவ்வளவு உபகாரம் செய்தும் தம்பிக்குக் கோயிலில் ஒரு மரியாதை இல்லையே என்பதுதான் அவளுக்கு ஆறாத புண். மென்பொருளை எழுதுகிறவர்களில் அவனும் ஒருவன் என்று அவள் சொன்னால், "அப்படியா?" என்று கேட்டுவிட்டுச் சுண்டலுக்குக் கை நீட்டினார்கள். கோயில் தலைவர் சுகுமாறனோ ஒரு படி மேலே. லாரி உதிரி சாமான் கடை வைத்திருப்பவர். வாய் கொஞ்சம் நீளம்.

"என்ன பிரேமலா, தம்பி இன்னும் வீட்டுலதான் அடைகாக்கிறானா? குஞ்சு எப்ப பொரிக்கும்?"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பிரேமலாவும் சிரித்துவைத்தாள். வீட்டுக்கு வந்து வெங்காயம் அரிந்தபோது அந்தச் சிரிப்பு இன்னும் வாயில் ஒட்டிக்கொண்டிருந்தது, கொப்பளித்துத் துப்பாத புளி போல.

ஆடித் திருவிழா நெருங்கிக்கொண்டிருந்த சமயம். சனிக்கிழமை காலை பசியாறிக்கொண்டே தீபன் மடிக்கணினியை அவள் பக்கம் திருப்பினான்.

"இங்க பாருக்கா. புதுசு. இனிமே எந்த ஊரு வேணுமோ அதை வெச்சுக்கலாம். மெர்சிங்ல இருக்கிறவங்க மெர்சிங்கை வெச்சுக்கலாம், கிள்ளான்ல இருக்கிறவங்க கிள்ளானை. இந்த ஊர் பாக்கிற பாகம் நான் எழுதுனது."

பிரேமலாவின் கண் ஊர்களில் நிற்கவில்லை. தாளின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது. உருவாக்கியவர்கள் என்று போட்டுப் பெயர்கள். கடைசியில், 'தீபன் முத்தையா, மாசாய், ஜொகூர்.'

இரண்டு முறை படித்தாள். "டேய், அப்பா பேரும் வருது."

"முழுப் பேரு கேட்டாங்க, கொடுத்தேன்."

"இது எப்ப கோயில் கம்ப்யூட்டருக்கு வரும்?"

"ரிலீஸ் ஆகட்டும்கா. இன்னும் ரெண்டு பேரு பாக்கணும். கனடால ஒரு அம்மா இருக்காங்க, அவங்க பாத்துச் சரின்னு சொல்லாம ஒன்னும் வெளிய போகாது. உன்ன மாதிரிதான், ஒரு புள்ளி தள்ளியிருந்தாலும் திருப்பி அனுப்பிடுவாங்க."

"ரிலீஸ் ஆகலன்னா நீ மட்டும் எப்படி வெச்சிருக்க?"

"இது வேலை நடக்கிற எடத்துலேருந்து நேரா எறக்குறது. காலையில ஒன்னைச் சேப்பாங்க, சாயந்திரம் எடுத்துடுவாங்க. யாரும் எறக்கிப் போட்டுப் பாக்கலாம். பாக்கத்தான். நீ பாட்டுக்குக் கோயில்ல போட்டுடாத."

"நான் என்ன சின்னப் புள்ளையா?" என்றாள் பிரேமலா.

இறக்குவது பெரிய வித்தையில்லை, ஒரே வரிதான். வழக்கமான வரி வெளியிட்ட பதிப்பைக் கொண்டுவரும்; அந்த வரியில் பெயருக்குப் பதிலாக ஒரு நீண்ட முகவரியைப் போட்டால் வெளியிடாத பதிப்பு வரும். தீபன் கோப்பி எடுக்க எழுந்து போனபோது அவள் அந்த வரியைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டாள்.

எடுக்கும்போது எதற்கென்று தனக்கே சொல்லிக்கொள்ளவில்லை. ஆனால் திருவிழாவுக்கு முந்திய ஞாயிறு, கோயில் அலுவலகத்தில் மின்விசிறியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தபோது எல்லாம் தெளிவாகத்தான் இருந்தது. திருவிழாவன்று தாமான் முழுக்க வரும். சந்தனக் கிண்ணத்துக்குப் பக்கத்தில்தான் பலகை. திதித்தாளில் தம்பி பெயர் இருந்தால் அத்தனை பேர் கண்ணிலும் படும். கனடா அம்மா பார்த்து முடிக்கக் காத்திருந்தால் திருவிழா போய்விடும்.

படத்தைப் பார்த்து எழுத்தெழுத்தாக அடித்தாள். திரையில் மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை வந்தது. இது வெளியிடப்படாத பதிப்பு, சோதித்துப் பார்க்க மட்டுமே, அன்றாட வேலைக்கு வேண்டாம் என்று ஆங்கிலத்தில் சொன்னது. ஒவ்வொரு சொல்லும் அவளுக்குப் புரிந்தது. புரிந்துதான் 'சரி' என்று தட்டினாள்.

ஒன்றும் பார்க்காமல் தாளைக் குத்திவிடுகிற பெண் அல்ல அவள். பழைய பதிப்பில் எடுத்துவைத்திருந்த தேதிகளோடு புதியதை ஒப்பிட்டாள். தொழிற்சாலையில் ஓர் அடுக்கில் உள்ள எல்லாப் பையையுமா பிரிக்கிறார்கள்? அங்கொன்று இங்கொன்று எடுத்துப் பார்ப்பார்கள். அவை சரியென்றால் அடுக்கே சரி. அதே முறையில் அங்கொரு பெயர் இங்கொரு பெயராகப் பார்த்தாள். எல்லாம் அச்சாக ஒன்றுபோலவே இருந்தன. மனம் லேசாகித் தாளைப் பலகையில் குத்தினாள். அடியில் இருந்த வரியை ஊசி மறைக்காமல் பார்த்துக்கொண்டாள்.

திருவிழாவன்று தீபன் ஒரு நேர்காணலுக்காகச் சிங்கப்பூர் போயிருந்தான்; மற்ற நாளிலும் கோயில் பக்கம் அவன் போவது குறைவு. பிரேமலா மோர் ஊற்றும் மேசையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். அங்கிருந்து பார்த்தால் பலகை நேர் எதிரே தெரியும். வருகிறவர்கள் சந்தனம் தொட்டு, தாளைப் பார்த்து, விரலால் பெயர் தேடி, அடிவரை வந்து நின்றார்கள். சுகுமாறன் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டு படித்தார்.

"இது நம்ம முத்தையா மகனா? பரவால்லியே. கனடா, சென்னை, மாசாய்!" அவள் பக்கம் திரும்பிக் குரலை உயர்த்தினார். "பிரேமலா! குஞ்சு பொரிச்சிடுச்சு போல!"

இந்தத் தடவை சிரித்தவர்கள் வேறு மாதிரி சிரித்தார்கள். மோர் அவள் கையிலிருந்து தளும்பியது. வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக அவள் யாருக்கும் மோர் ஊற்றியதில்லை.

திருவிழா முடிந்து சில வாரம் கழித்து வந்த ஒரு சனிக்கிழமை, காளிதாஸ் வீட்டில் அவர் மனைவி பூங்கொடியின் முதல் வருஷத் திதி. காளிதாஸ் தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறவர், பிரேமலாவைப் பல வருஷம் ஏற்றி இறக்கியவர். திதித்தாளைப் பார்த்து லீவு எடுத்து, வாடகைக்கு நாற்காலி போட்டு, பூங்கொடிக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் வைத்துப் படைத்தார். பிரேமலாவும் போயிருந்தாள், நன்றாகச் சாப்பிட்டாள். கை கழுவும்போது காளிதாஸ், "நீ நாள் பாத்துச் சொன்னதால எல்லாம் சுலுவா முடிஞ்சுச்சும்மா" என்றார்.

அன்று சாயந்திரம் அவரிடமிருந்து போன் வந்தது.

"பிரேமலா, குளுவாங்லேருந்து எங்க மச்சினி கூப்பிட்டா. திதி நாளைக்குத்தானே, காலையில வந்துடறேன்னு சொல்றா. இன்னைக்கே முடிஞ்சிடுச்சுன்னேன், சண்டைக்கு வர்றா. அவங்க கோயில் பஞ்சாங்கத்துல அப்படி இருக்காம். நீ கொஞ்சம் பாத்துச் சொல்லு லா, அவ வாயை அடைக்கணும்."

அவர் குரலில் சந்தேகமே இல்லை. மச்சினியை மடக்க ஓர் ஆதாரம் வேண்டும், அவ்வளவுதான்.

பிரேமலா தம்பியின் அறைக்குப் போனாள். "ஒருத்தரு கேக்கறாங்க" என்று மட்டும் சொல்லிப் பூங்கொடி இறந்த நாளையும் நேரத்தையும் கொடுத்தாள். தீபன் தன் கணினியில் இருந்த வெளியிட்ட பதிப்பில் போட்டுப் பார்த்தான்.

"நாளைக்குக்கா. நாளைக்குச் சூரியன் உதிக்கிறப்ப இந்தத் திதி இருக்கு. கொஞ்ச நேரத்துல முடிஞ்சிடும், ஆனா உதிக்கிறப்ப இருக்கிறதுதானே கணக்கு."

"இன்னைக்குன்னு தாள்ல இருக்கே."

"எந்தத் தாள்ல?"

கைப்பேசியில் இருந்த படத்தை நீட்டினாள். திருவிழாவன்று பெருமையாக எடுத்த படம். தீபன் தேதியைப் பார்த்தான். பிறகு படத்தை விரலால் மேலே தள்ளினான். அடியில் இருந்த வரி வந்ததும் விரல் நின்றது.

"இந்த வரி பழைய பதிப்புல வராதே."

அவள் கைப்பேசியைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

"அக்கா. நீ அதைப் போட்டியா?"

"ஒப்பிட்டுப் பாத்தேன்டா. எல்லாம் சரியா இருந்துச்சு."

அவன் தலையைக் கையால் பிடித்துக்கொண்டான். பிறகு என்ன நடந்திருக்கும் என்று விளக்கினான். கோயில் கணினியில் ஜொகூர் பாரு என்று முன்பு அவனே கையால் எழுதிவைத்திருந்ததைப் புதிய பதிப்பால் படிக்க முடியவில்லை. ஊர் கிடைக்காததால் அது தானாகச் சென்னையை எடுத்துக்கொண்டது. சென்னையில் சூரியன் உதிக்கும்போது இங்கே எட்டரை மணி. பெரும்பாலான திதிக்கு அந்த வித்தியாசம் ஒன்றும் செய்யாது. இங்கே சூரியன் உதித்ததற்கும் அங்கே உதிப்பதற்கும் நடுவில் முடிகிற திதி மட்டும் ஒரு நாள் முந்திப் போகும். அவள் பார்த்த பெயர்கள் எதுவும் அந்த இடுக்கில் விழவில்லை. பூங்கொடி விழுந்திருந்தாள்.

"ஊரு கிடைக்கலன்னா அது நின்னு கேக்கணும். அந்தப் பாகத்தை நான் இன்னும் எழுதல. எழுதாததுனாலதான் அது வெளிய வரல." அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். "நீ ஹோல்டு ஒட்டின அடுக்கை நான் வந்து லாரில ஏத்திவிட்டா நீ என்னா செய்வ?"

கன்னத்தில் அறை வாங்கியது போல இருந்தது.

"ஏன்கா போட்ட?"

"உன் பேரு வந்துச்சுடா" என்றாள். சொல்லும்போதே அது எவ்வளவு சின்னக் காரணம் என்று தெரிந்தது. "நாலு பேரு பாக்கட்டும்னு."

"நான் கேட்டேனா?" தீபனின் குரல் உயரவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. "அந்த ஆளு கிண்டல் பண்ணதுக்கு உனக்குப் பதில் சொல்லணும். அதுக்கு என் பேரை எடுத்துக்கிட்ட."

இருவரும் உட்கார்ந்து தாளில் இருந்த எல்லாப் பெயரையும் மறுபடி போட்டுப் பார்த்தார்கள். அவள் வாசித்தாள், அவன் அடித்தான். தவறிப்போனது இன்னொன்றும் இருந்தது. இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஷாமளாவின் அப்பா. அவருடைய நாள் போன வாரமே கடந்துவிட்டது.

"மொதல்ல காளிதாஸ் அண்ணன்கிட்ட போகலாம். நாளைக்காச்சும் சரியா செய்யட்டும்" என்று தீபன் சட்டையை மாட்டினான்.

"நீ வேணாம். நான் போயிட்டு வர்றேன்."

"பேரு என்னோடது இருக்கு. வா."

அவன் மோட்டார் ஓட்ட, அவள் பின்னால் உட்கார்ந்து போனாள். காளிதாஸ் வீட்டு வாசலில் வாடகை நாற்காலிகள் அடுக்கியிருந்தன. உள்ளே பூங்கொடியின் படத்துக்கு முன்னால் விளக்கு இன்னும் எரிந்தது. பிரேமலா நின்றபடியே சொன்னாள். நாள் தவறு, திதி நாளைக்குத்தான், கணினியில் பிழை. அந்த அளவில் அவள் பேச்சு நின்றுவிட்டது.

காளிதாஸ் பூங்கொடியின் படத்தைப் பார்த்தார்.

"அப்ப இன்னைக்கு வந்து சாப்பிட்டது யாரு?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டார். தீபன் பக்கம் திரும்பினார். "தாள்ல உன் பேருதானே போட்டிருந்துச்சு? நீ எழுதுனதா?"

"ஆமாண்ணே."

"தெரியாததுல எதுக்குய்யா கை வைக்கிற? கம்ப்யூட்டர்ல வெளையாட வேற ஒன்னும் கிடைக்கலியா? ஒரு வருஷம்யா. ஒரு வருஷமா இந்த ஒரு நாளைக்குக் காத்துக்கிட்டு இருந்தேன். செத்தவங்க விஷயத்துலயா வெளையாடுவ?"

தீபன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். போடாதே என்று சொன்னேன், அக்காதான் போட்டாள் என்று சொல்ல அவனுக்கு ஒரு நொடி போதும். பிரேமலா அந்த நொடிக்காகக் காத்திருந்தாள். அவன் சொல்லிவிடுவான், சொன்னதும் தானும் ஆமாம் என்று சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். அவன் சொல்லவில்லை. "மன்னிச்சிடுங்கண்ணே" என்று மட்டும் சொன்னான். அவள் வாயைத் திறந்தாள். "அண்ணே" என்ற ஒரு சொல் வந்தது. அதற்கு மேல் அவள் சொல்லவில்லை. காளிதாஸ் இன்னும் நாலு வார்த்தை திட்டினார். நாலும் தீபன் தலையில் விழுந்தன.

திரும்பி வரும் வழியில் காற்றில் அவன் சட்டை உப்பி அவள் முகத்தில் அடித்தது. அதைத் தள்ளிவிடக்கூட அவளுக்குக் கை வரவில்லை. மேனேஜர் எதிரில் நின்று ஒரு பையையும் விடாதவள், தம்பி வாங்கிய திட்டை மட்டும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிறு காலை காளிதாஸ் வீட்டில் மறுபடி படையல். குளுவாங் மச்சினி வந்திருந்தாள். நேற்று வந்தவர்களில் பாதிப் பேர் மறுபடியும் வந்திருந்தார்கள், சுகுமாறனும் இருந்தார். தீபன் வரவில்லை. பிரேமலா நுழைந்ததும் பேச்சு அடங்கியது. அடங்குவதற்கு முன்னால் சுகுமாறன் சொன்னது அவள் காதில் விழுந்துவிட்டது.

"குஞ்சு பொரிச்சது சரி, ஒரு நாள் முந்திப் பொரிச்சிடுச்சு!"

இரண்டு பேர் சிரித்தார்கள். காளிதாஸ் சிரிக்கவில்லை. பிரேமலா செருப்பைக் கழற்றிவிட்டு வந்து கூடத்தின் நடுவில் நின்றாள். கையில் எதையாவது வைத்துக்கொண்டிருந்தால் தேவலை போல இருந்தது.

"அண்ணே, நேத்து நான் பாதிதான் சொன்னேன். இந்தப் புதுசை அவன் கோயில்ல போடவே இல்ல. போடாதன்னு என்கிட்ட சொல்லித்தான் காட்டுனான். நான்தான் அவனுக்குத் தெரியாம போட்டேன்."

"நீ எதுக்கும்மா போட்ட?" என்றார் சுகுமாறன்.

"அடியில அவன் பேரு வருது. அதுக்காகத்தான். திருவிழாவுல நீங்க பாக்கணும்னு."

சுகுமாறனின் முகம் ஒரு மாதிரி ஆனது. ஆனாலும் சமாளித்தார். "சரி லா, அக்கா பாசம், விடு. ஆனா தப்பா எழுதுனது அவன்தானே?"

"அவன் எழுதி முடிக்கல. முடிச்சிருந்தா வெளிய விட்டிருப்பான். இன்னும் ரெண்டு பேரு பாக்கணும்னு வெச்சிருந்தான். நான் எடுத்துட்டேன்."

கூடத்தில் இருந்தவர்களுக்கு இது பாதிதான் புரிந்தது. காளிதாஸுக்கு முழுதும் புரிந்தது.

"பட்டறையில வீல் கழட்டிப் போட்டிருந்த பஸ்ஸை ஓட்டிக்கிட்டு வந்து ஆளை ஏத்தியிருக்க" என்றார் அவர் மெதுவாக. "அப்ப பட்டறைக்காரன் மேல தப்பு இல்ல."

"இல்லண்ணே."

"நேத்து அந்தப் பையனை நான் அத்தனை பேச்சு பேசுனேனே. நீ பக்கத்துலதானே நின்ன?"

"ஆமாண்ணே."

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். குளுவாங் மச்சினி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு பிரேமலாவை ஏற இறங்கப் பார்த்தாள். சுகுமாறன் நாற்காலி விளிம்பைச் சுரண்டினார்.

"போயி அவனைக் கூட்டிக்கிட்டு வா" என்றார் காளிதாஸ். "அவன் வந்தப்புறம் இலை போடறேன்."

தீபன் அறையில் உட்கார்ந்து எதையோ அடித்துக்கொண்டிருந்தான். முந்தின நாள் திரும்பி வந்ததிலிருந்து அந்தப் பாகத்தைத்தான் எழுதிக்கொண்டிருந்தான். ஊர் கிடைக்கவில்லையென்றால் இனி அது நின்று கேட்கும். தன் பிழையால் இரண்டு குடும்பத்துக்குத் திதி தவறிவிட்டது என்று பிறைக்கணக்கை எழுதுகிறவர்கள் எல்லோரும் படிக்கிற இடத்திலேயே எழுதியிருந்தான். யார் அதைக் கோயிலில் போட்டது என்று எழுதவில்லை.

"காளிதாஸ் அண்ணன் கூப்பிடறாரு."

"எதுக்கு? மிச்சத்தையும் திட்டறதுக்கா?"

"எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன்டா."

"என்னா சொன்ன?"

"நான் போட்டதை. நீ திட்டு வாங்கறப்ப வாயை மூடிக்கிட்டு நின்னதையும்."

தீபன் அவளைப் பார்க்காமல் கணினியை மூடினான். "சட்டை மாத்திக்கிறேன். இரு" என்றான். அவ்வளவுதான். மன்னித்தானா என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்கும் உரிமை இருப்பதாகவும் தோன்றவில்லை.

காளிதாஸ் அவனைத் தன் பக்கத்திலேயே உட்காரவைத்தார். "நேத்து கொஞ்சம் ஓவரா பேசிட்டேன்யா" என்று அவன் இலையில் தானே வடை வைத்தார். சுகுமாறன், தாளில் திதி எப்படிக் கணக்காகிறது என்று அவனிடம் விவரம் கேட்டார், முதல் தடவையாக. பிரேமலாவுக்கும் இலை போட்டார்கள். உட்கார்ந்து, சோற்றைப் பிசைந்து, முழுங்கினாள். யாரும் அவளை ஒன்றும் சொல்லவில்லை. "இன்னும் கொஞ்சம் ரசம்?" என்று கேட்டவள்கூட அவள் முகத்தைப் பார்க்காமல்தான் கேட்டாள்.

அங்கிருந்தே ஷாமளா வீட்டுக்குப் புறப்பட்டாள். தீபனும் எழுந்தான். "இதுக்கு நான் மட்டும் போறேன்" என்றாள். அவன் மறுபடி உட்கார்ந்தான்.

ஷாமளாவின் அப்பா திதி போனது போனதுதான். மறுபடி செய்ய நாள் கிடையாது. சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதும் இல்லை. தெருமுனையில் நின்று அதையும் யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் நடந்தாள்.

ஷாமளா வாசலில் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். தொழிற்சாலையில் வேறு ஷிப்டு, சிரித்த முகம்.

"வாங்கக்கா! நானே வரணும்னு இருந்தேன். அப்பாவுக்குப் படைச்ச அன்னைக்கு இலையை வெச்சுட்டுத் திரும்பறதுக்குள்ள காக்கா வந்துடுச்சுக்கா. அம்மா அழுதுட்டாங்க. உங்கப்பா வந்துட்டாரு, நம்மள மறக்கலன்னு. ஒரு வாரமா எல்லார்கிட்டயும் அதையேதான் சொல்றாங்க. இப்பதான் நல்லாத் தூங்குறாங்க."

பிரேமலா சொன்னாள். இந்தத் தடவை பாதியில் நிறுத்தவில்லை. நாள் தவறியதையும், தம்பி தடுத்ததையும், தான் எதற்காகப் போட்டாள் என்பதையும் வரிசையாகச் சொன்னாள். ஷாமளாவின் கையில் இருந்த குழாயிலிருந்து தண்ணீர் ஒரே தொட்டியில் விழுந்து வழிந்து வாசல் முழுக்க ஓடியது. பிறகு அவள் போய்க் குழாயை அடைத்துவிட்டு வந்தாள்.

"அம்மாகிட்ட சொல்லிடாதீங்கக்கா" என்றாள் தாழ்ந்த குரலில். "என்கிட்டயும் சொல்லாம இருந்திருக்கலாம்."

உள்ளேயிருந்து குரல் கேட்டது. "யாரு, பிரேமலாவா? ஏன் வெளியவே நிக்கிற? உள்ள வா, கோப்பி கலக்குறேன்."

ஷாமளா அவளைப் பார்த்தாள். போய்விடுங்கள் என்கிறாளா, உள்ளே வாருங்கள் என்கிறாளா என்று அந்தப் பார்வையில் தெரியவில்லை. போய்விட்டால் ஏனென்று அம்மா கேட்பார். பிரேமலா உள்ளே போய் உட்கார்ந்தாள்.

ஷாமளாவின் அம்மா கோப்பியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து கொடுத்தார். எதிரே உட்கார்ந்து காக்கை வந்த கதையை முதலிலிருந்து சொன்னார். எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, எந்தப் பலகாரத்தை முதலில் எடுத்தது, எப்படித் தலையைச் சாய்த்து அவரைப் பார்த்தது என்று ஒன்று விடாமல் சொன்னார்.

"அந்தத் தாள்ல உன் தம்பி பேரு போட்டிருந்துச்சுன்னு ஷாமளா சொன்னா. தீபன்தானே? எனக்குப் படிக்கத் தெரியாது, படிச்சுக் காட்டுனா. நான் தெனம் அந்தப் பேரைச் சொல்லித்தான்மா சாமி கும்பிடறேன். அவன் நல்லா இருக்கணும்."

ஷாமளா சமையலறை நிலையில் சாய்ந்துகொண்டு தரையைப் பார்த்தாள்.

"குடிம்மா, ஆறிடப்போகுது."

பிரேமலா குடித்தாள்.